கறுப்புத் திரைக்குள் ஒரு ஜன்னல்

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மூலையில் கண் சிமிட்டும் கர்சர். சினிமாவில் ஹேக்கராக வருகிறவர் கீபோர்டைப் படபடவென்று தட்டுவாரே, அந்தத் திரை! அதற்கு டெர்மினல் என்று பெயர். எழுத்தைத் தவிர வேறு எதுவும் அதில் வராது என்பதுதான் பொதுவான நம்பிக்கை.

2025-இல் பலர் கண்ணில் பட்ட டெர்ம்.எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள் அந்த நம்பிக்கையின் மேல் கல்லெறிந்தது. பட்டன், மெனு, படம் எல்லாம் உள்ள முழு டெஸ்க்டாப் ஜன்னலை அப்படியே டெர்மினலுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது அது. ப்ரவுசர் ஓடுகிறது. கேம் ஓடுகிறது. மவுஸால் க்ளிக் செய்தால் அதுவும் வேலை செய்கிறது. கூடாரத்துக்குள் ஒட்டகம் தலையை நீட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒட்டகம் முழுசாகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது, இதற்கு என்ன செலவு என்று பார்த்துக்கொண்டே போனால், கடைசியில் ஒரு விசித்திரமான இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சினிமாவையே ஓட்டிக் காட்டத் தெரிந்த டெர்மினலுக்கு, "மீனாட்சி" என்ற நாலு எழுத்தை ஒழுங்காக வரிசையில் நிறுத்தத் தெரியவில்லை! மதுரைக்காரர்களுக்குக் கோபம் வர வேண்டிய விஷயம்தான். ஆனால் கோபப்படும் முன் கதையை முதலிலிருந்து கேட்டுவிடுவது நல்லது.

கட்டம் போட்ட நோட்டு

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களுக்கு டெர்மினலைப் புரியவைக்க ரொம்பச் சுலபமான வழி, கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து. அவ்வளவுதான் சட்டம்.

1978-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனம் (சுருக்கமாக டெக்) விடி100 என்ற டெர்மினலைக் கொண்டுவந்தது. டிவி மாதிரி ஒரு திரை, ஒரு கீபோர்டு. தானாகக் கணக்குப் போடத் தெரியாது. தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக வரும் எழுத்துகளைக் கட்டத்தில் நிரப்பும். நீங்கள் தட்டும் எழுத்தை அந்தப் பக்கம் அனுப்பும். ஒரு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி. ஆக 1,920 கட்டம். இன்று லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே 80-க்கு 24 அளவில்தான் திறக்கும். பெட்டி போய்விட்டது, கட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தப் பெட்டி எங்கோ அமெரிக்காவில் இருந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய ரயில்வே கம்ப்யூட்டர் முன்பதிவு, டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கம்ப்யூட்டர்களில்தான் ஓடியது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பார்த்தது வெறும் எழுத்துத் திரை. வைகைக்கும் பாண்டியனுக்கும் டிக்கெட் போட்டுத் தந்த கவுன்ட்டர்களில் மவுஸைத் தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள். வேகமாகத் தட்டத் தெரிந்த விரல் இருந்தால் போதும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் டாலி. டாலி 4.5 வரை டாஸில் ஓடியது. டாஸ் திரை டெர்மினல் இல்லைதான். ஆனால் அதுவும் 80-க்கு 25 கட்டம் போட்ட எழுத்துத் திரை. இன்றைக்கும் டாலியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மவுஸைத் தொடாமல் எஃப் வரிசைச் சாவிகளிலேயே வவுச்சர் போட்டு முடிப்பது அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம்.

சுங்குடிச் சேலை ரகசியம்

சரி, எழுத்து மட்டும் வரும் கட்டத்தில் படம் எப்படி வந்தது?

மதுரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தனியாகப் படம் வரைய வேண்டியதில்லை. சுங்குடிச் சேலையைப் பார்த்தாலே போதும். துணியில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். கிட்டே போனால் வெறும் புள்ளி. தள்ளி நின்றால் பூவும் கொடியும். கம்ப்யூட்டர் படமும் புள்ளிக் கூட்டம்தான். ஆகவே டெர்மினலின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாக்கிவிட்டால் படம் வந்துவிடும்!

1997-இல் யான் ஹூபிச்கா என்ற செக் நாட்டுக்காரர் எழுதிய ஏஏலிப் இதைத்தான் செய்தது. கறுப்பான இடத்துக்கு ஒரு புள்ளி, கொஞ்சம் வெளிச்சமான இடத்துக்கு ஒரு கூட்டல் குறி, நல்ல வெளிச்சத்துக்கு ஒரு பெரிய அட் குறி. எழுத்தின் அடர்த்தியே சாயம். அதற்குப் பின் லிப்காகா வந்து கலரும் சேர்த்தது. வீடியோவை எழுத்துகளாலேயே ஓட்டிக் காட்டி ஹாஸ்டல் நண்பர்களை அசத்துவதற்கு இவை ரொம்ப வசதியாக இருந்தன. வேறு பெரிய உபயோகம் இல்லை!

அடுத்து வந்த தந்திரம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. யூனிகோடில் "மேல்பாதிக் கட்டம்" என்று ஒரு குறி இருக்கிறது. கட்டத்தின் மேல் பாதி மட்டும் நிரம்பியிருக்கும். எழுத்தின் கலர் சிவப்பு, பின்புலத்தின் கலர் நீலம் என்று சொன்னால் ஒரே கட்டத்தில் மேலே சிவப்புப் புள்ளி, கீழே நீலப் புள்ளி. ஒரு கட்டத்துக்கு இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது. பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் எழுத்துகளும் யூனிகோடில் உண்டு. இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. அதைப் பயன்படுத்தினால் ஒரு கட்டத்தில் எட்டுப் புள்ளி. 1,920 கட்டத்தில் 15,360 புள்ளி. கலர் மட்டும் கட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிடும்.

டெக் நிறுவனம் 1980-களிலேயே வேறு ஒரு வழியும் வைத்திருந்தது. பெயர் சிக்ஸல். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்காக வந்த யோசனை. மேலிருந்து கீழாக ஆறு புள்ளியை ஒரு கொத்தாக எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு புள்ளியும் இருக்கும் அல்லது இருக்காது, ஆக மொத்தம் 64 விதம். ஒவ்வொரு விதத்துக்கும் கீபோர்டில் உள்ள ஒரு குறி. 63-ஆம் எண்ணுள்ள கேள்விக்குறி வந்தால் ஆறும் காலி. 126-ஆம் எண்ணுள்ள அலைக்குறி வந்தால் ஆறும் நிரம்பியது. படம் முழுக்க எழுத்தாக மாறி ஒயரில் போய், அந்தப் பக்கம் மறுபடி படமாகிவிடும். பல வருஷம் எல்லோரும் மறந்துபோயிருந்த இந்த முறை, 2024-இல் விண்டோஸ் டெர்மினலின் முன்னோட்டப் பதிப்பில்கூட இடம்பிடித்துவிட்டது. பழையதெல்லாம் சும்மா போவதில்லை.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. மின்னூல் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காலிபர் மென்பொருளை எழுதிய கோவித் கோயல் இந்தியர். அவரே எழுதிய இன்னொரு மென்பொருள் கிட்டி என்கிற டெர்மினல். அதில் படத்தைப் புள்ளி புள்ளியாக எழுத்தாக்கும் வேலையே இல்லை. படக் கோப்பை எழுத்து வடிவில் மூட்டை கட்டி, "இது படம், படமாகவே காட்டு" என்று முகவரி ஒட்டி அனுப்பிவிடலாம். இந்த முறையை இப்போது வேறு சில டெர்மினல்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

ஜன்னலை ஏமாற்றும் வேலை

படம் காட்டுவது வேறு, ஒரு முழு அப்ளிகேஷனை ஓட்டுவது வேறு. ப்ரவுசருக்குத் தான் டெர்மினலில் இருப்பது தெரிந்தால் "டிஸ்ப்ளே எங்கே?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். அதனால் அதை ஏமாற்ற வேண்டும்.

லினக்ஸில் இப்போது ஜன்னல்களை நிர்வகிக்கும் முறைக்கு வேலண்ட் என்று பெயர். 2008-இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு அப்ளிகேஷனும் தன் ஜன்னலைத் தானே மெமரியில் வரைந்துகொள்ளும். வரைந்து முடித்ததும் "படம் ரெடி" என்று நிர்வாகியிடம் ஒப்படைக்கும். அதை மானிட்டரில் காட்டுவது நிர்வாகியின் பொறுப்பு. மானிட்டரில்தான் காட்டுகிறாரா என்று அப்ளிகேஷன் எட்டிப் பார்ப்பதில்லை!

டெர்ம்.எவ்ரிதிங் அந்த நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. ப்ரவுசர் கொடுக்கும் படத்தை வாங்கி, எழுத்துக் கட்டங்களாகவோ, டெர்மினல் ஒத்துக்கொண்டால் படமாகவோ மாற்றி அனுப்புகிறது. நீங்கள் கட்டத்தில் க்ளிக் செய்தால், எந்தக் கட்டம் என்ற தகவலும் எழுத்தாகத்தான் திரும்பி வருகிறது. அதை மவுஸ் அசைவாக மொழிபெயர்த்து ப்ரவுசரிடம் கொடுத்துவிடுகிறது. ப்ரவுசர் பாவம், பெரிய மானிட்டரில் ராஜா மாதிரி ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு முன்பே ப்ரவுசருக்கு மட்டும் இப்படிச் செய்தவர்கள் உண்டு. 2018-இல் ப்ரவ்ஷ் வந்தது. 2023-இல் கார்போனில் வந்தது. இந்த இரண்டுக்கும் டெர்ம்.எவ்ரிதிங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள படத்தை ப்ரவ்ஷ் கட்டமாக்கும். எழுத்தை எழுத்தாகவே டெர்மினலில் எழுதும். கார்போனிலும் அப்படித்தான். டெர்ம்.எவ்ரிதிங்கோ எழுத்து, படம், பட்டன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கிவிடும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்கள் எந்த விஷயத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

ஒரு கட்டத்தில் சாதாரண ஆங்கில எழுத்து போட ஒரு பைட். அதே கட்டத்தில் மேல்பாதித் தந்திரம் செய்ய வேண்டுமானால், எழுத்துக் கலரைச் சொல்லும் கட்டளைக்கு 19 பைட் வரை, பின்புலக் கலருக்கு இன்னொரு 19, மேல்பாதிக் குறிக்கு 3. மொத்தம் 41 பைட். 1,920 கட்டத்துக்கு 78,720 பைட். இவ்வளவு கொடுத்து வாங்கியது எவ்வளவு? 80-க்கு 48, அதாவது 3,840 புள்ளி. புள்ளிக்கு 3 பைட் என்றால் உண்மையான சரக்கு 11,520 பைட்தான். மீதி 67,200 பைட் வண்டிக்கூலி. 10 ரூபாய் கத்தரிக்காய்க்கு 58 ரூபாய் வண்டிக்கூலி கொடுக்கிற வியாபாரி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? நல்ல மென்பொருள்கள் மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பிச் செலவைக் குறைக்கும். ஆனால் வீடியோ ஓடினால் எல்லாக் கட்டமும்தான் மாறும்.

இன்றைய ஃபைபர் இணைப்பில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் மதுரையைச் சுற்றியே இது பெரிய தொகையாக இருந்த காலம் உண்டு. 2001-இல் மேலூர் வட்டாரத்து கிராமங்களில் சாரி என்ற திட்டத்தில் இணைய கியோஸ்க்குகள் தொடங்கப்பட்டன. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் இணைப்பு. ஃபோன் பேசிக்கொண்டே இணையம் பார்த்தால் நொடிக்கு 35 கிலோபிட். ஃபோன் சும்மா இருந்தால் 70.

அந்த 35 கிலோபிட்டில் ஒரு முழு ஆங்கில எழுத்துத் திரை அரை நொடிக்குள் வந்துவிடும். தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு 3 பைட் என்பதால், அதே அளவு தமிழ்த் திரைக்கு ஒன்றேகால் நொடிக்குக் கொஞ்சம் மேல். மேல்பாதிக் கட்டத்தால் ஆன ஒரே ஒரு படத்துக்கு 18 நொடி! குருவி தலையில் பனங்காய்.

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? அதே மேலூர் கியோஸ்க்குகளில், கிராமத்துக்காரர்களின் கண்ணை வெப்கேமில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் அதைப் பார்த்து, நேரில் வர வேண்டுமா வேண்டாமா என்று பதில் அனுப்புவார். கண்ணில் விழுந்த புரையை எழுத்தில் எழுதி அனுப்ப முடியாது. அங்கே படம்தான் விஷயம். எத்தனை நொடி ஆனாலும் காத்திருக்கலாம். எழுத்தைப் படமாக்கி அனுப்பும்போதுதான் காத்திருப்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகிறது.

குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று

இப்போது மீனாட்சிக்கு வரலாம்.

ஒரு கடைக்காரர் வாடிக்கையாளர் பெயரும் பாக்கித் தொகையும் டெர்மினலில் இரண்டு பத்தியாக வர வேண்டும் என்று நினைக்கிறார். பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம். ஆங்கிலத்தில் இது முதல் செமஸ்டர் வேலை. தமிழில் பெயரைப் போட்டதும் தொகைகள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகின்றன. ஏன்?

மீ, னா, ட், சி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை கேட்டாலும் நாலு எழுத்து என்று சொல்லும். யூனிகோடில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் என்பதால் அங்கே 8 குறி. கோப்பில் சேமித்தால் 24 பைட். சி மொழியில் "பெயருக்கு 20 இடம் ஒதுக்கு" என்று சொன்னால் அது பைட்டைத்தான் எண்ணும். 24 ஏற்கெனவே 20-ஐத் தாண்டிவிட்டதால் ஒரு இடைவெளிகூட விடாமல் தொகையை மீனாட்சி மேலேயே ஒட்டிவிடும். சரி, கட்டத்தை எண்ணலாம் என்றால் அந்தக் கணக்கில் 6. ஒரே பெயருக்கு நாலு கணக்கு! ஆடிட்டர் பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்பது தனிக் கூத்து. எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று முடிவு செய்ய, கேம்பிரிட்ஜில் இருந்த மார்க்கஸ் கூன் எழுதிய ஒரு சின்ன அட்டவணை பல டெர்மினல்களுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. அவர் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. யூனிகோடின் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டார். அந்த வகைப்பாட்டில் தமிழின் மெய்ப்புள்ளி "இடம் பிடிக்காத குறி". ஈகாரத்தின் சுழித்த மேல்விலங்கும் இடம் பிடிக்காத குறி. ஆனால் இகரத்தின் சாதா மேல்விலங்கு "இடம் பிடிக்கும் குறி"!

விளைவு? "கி" எழுதினால் இரண்டு கட்டம். "கீ" எழுதினால் ஒரே கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. டெர்மினலில் குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று! "கா"வுக்கு இரண்டு கட்டம் கிடைப்பது தற்செயலாகச் சரியாகிவிட்டது. "கு", "கூ" இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு. அரை மாத்திரை "க்" முழுசாக ஒரு கட்டத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

கொம்புக் குறிகள் அடுத்த தலைவலி. "கெ" எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். யூனிகோடில் அது பின்னால்தான் வருகிறது. "கொ"வுக்கு இன்னும் மோசம், ஒரே குறி இரண்டாகப் பிரிந்து "க"வுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். வந்த வரிசையில் கட்டத்தை நிரப்பிக்கொண்டே போகும் எளிய டெர்மினலில் கொம்பு தப்பான பக்கத்தில் விழும், இல்லாவிட்டால் புள்ளி வட்டத்தோடு தனியே அநாதையாக நிற்கும்.

ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பது ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தின் சட்டம். ஒட்டகத்துக்கு இடம் கொடுக்க ஆயிரம் தந்திரம் கண்டுபிடித்த கூடாரத்தில், தமிழ் இன்னும் வாசலில் நிற்கிறது.

கார்டு போட்ட தமிழ்

வாசலில் நின்றது இது முதல் தடவை இல்லை. அப்போது கதவைத் திறந்ததும் இதே "எழுத்துத் திரைக்குள் படம்" தந்திரம்தான்.

ஐஐடி கான்பூரில் இந்திய எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரும் ஆராய்ச்சி நடந்தது. 1983-இல் டெல்லியில் நடந்த உலக இந்தி மாநாட்டில் அங்கே உருவான தேவநாகரி கம்ப்யூட்டர் காட்டப்பட்டது. அந்த வேலை பிறகு புனேயின் சி-டாக் நிறுவனத்துக்குப் போய், ஜிஸ்ட் கார்டு என்ற பொருளாக வெளிவந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருகும் ஒரு கார்டு. டாஸில் ஓடும் டிபேஸோ வேர்ட்ஸ்டாரோ, வழக்கம்போல எழுத்து எண்களை அனுப்பும். கார்டு நடுவில் புகுந்து அந்த எண்களை வாங்கி, இந்திய எழுத்தாகத் திரையில் வரைந்துவிடும். தமிழுக்காக அந்த மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். டெர்ம்.எவ்ரிதிங் ப்ரவுசரை ஏமாற்றுகிற மாதிரியே, ஜிஸ்ட் கார்டு டிபேஸை ஏமாற்றியது!

ஆனால் ஜிஸ்ட் செய்ததில் ஒரு நேர்மை இருந்தது. திரையில் தெரிந்தது படம். உள்ளே சேமித்தது எழுத்து. அதற்கென்று இஸ்கி என்ற குறியீட்டு முறை இருந்தது. 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாகவே வெளியிடப்பட்டது. அதனால் பெயரைத் தேடலாம், வரிசைப்படுத்தலாம், திருத்தலாம்.

எழுத்தைப் படமாகவே போட்டால் என்ன நஷ்டம் என்பது தமிழ் இணையத்துக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஆரம்ப காலத்தில் தமிழைக் காட்ட வேறு வழி தெரியாமல் பக்கத்தைப் படமாக்கிப் போட்ட தளங்கள் இருந்தன. கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஒரு வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுக்க முடியாது. அதற்கு நேர் எதிராக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போனது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் மதுரையின் பெயரை வைத்தார்கள். எழுத்தாக இருந்ததால்தான் அந்த நூல்கள் பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற முடிந்தது. படமாக இருந்திருந்தால் அங்கேயே நின்றுபோயிருக்கும்.

இன்னொரு கூட்டமும் இதில் உண்டு. பார்வையற்றவர்களுக்கு டெர்மினல் ஒரு வரம். எல்லாமே எழுத்து என்பதால் கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிடும். பதினாலு வயதில் பார்வையை இழந்து, புனேயிலும் ஐஐடி பம்பாயிலும் படித்து, அமெரிக்கா போன டி.வி. ராமன் 1995-இல் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். எழுத்தைப் பேச்சாக்கி, அதை வைத்தே முழு வேலையும் செய்ய வழி செய்தது அது. அப்படிப்பட்ட ஒருவரின் டெர்மினலில் டெஸ்க்டாப் ஜன்னலைப் படமாகக் கொட்டினால் என்ன ஆகும்? படிக்கும் மென்பொருளுக்குக் கிடைப்பது "மேல்பாதிக் கட்டம், மேல்பாதிக் கட்டம், மேல்பாதிக் கட்டம்..." என்று 1,920 தடவை. பிரெய்ல் தந்திரத்தில் இது இன்னும் கொடுமை. பார்வையற்றவர்களுக்காக உண்டான எழுத்தை எடுத்து, அவர்களால் மட்டும் படிக்க முடியாத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதது அததுவாக

இதனால் டெர்ம்.எவ்ரிதிங்கைத் திட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தூரத்து சர்வரில் ஒரே ஒரு பட்டனை அழுத்த வேண்டும், டெர்மினல் வழி தவிர வேறு வழி கிடையாது என்ற நிலையில் மாட்டிக்கொண்டவருக்கு அது தெய்வம். விளையாட்டாகப் பார்த்தாலும் அதில் உள்ள புத்திசாலித்தனத்துக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். தமிழைச் சரியாகப் பார்க்க டெர்மினலுக்குள் ப்ரவுசரைப் படமாகத் திறந்தால் தமிழ் அழகாகத் தெரியவும் செய்யும். ஆனால் அது மீனாட்சியின் போட்டோவை லெட்ஜரில் ஒட்டிய மாதிரி. பெயர் பதிவாகவில்லை.

படம் படமாகப் போகட்டும், எழுத்து எழுத்தாகப் போகட்டும். கண் புரையைக் காட்ட படம் வேண்டும். பெயரைப் பதிய எழுத்து வேண்டும். கட்டத்தின் கணக்கைத்தான் திருத்த வேண்டும்.

அந்தத் திருத்தம் தொடங்கியும்விட்டது. கோவித் கோயலின் கிட்டியில் 2025-இல் வந்த ஒரு வசதியில், "இந்த எழுத்துத் துண்டுக்கு இத்தனை கட்டம்" என்று மென்பொருளே டெர்மினலுக்குச் சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அட்டவணையை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களும் மற்ற டெர்மினல்களும் இதை ஏற்றுக்கொண்டால்தான் பலன். தமிழில் கணக்கெழுத வேண்டியவர்கள் கேட்டால்தான் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

உங்கள் டெர்மினல் எந்த அணியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். டெர்மினலைத் திறந்து ஒரு வரியில் "கிகிகிகி" என்று எழுதி ஒரு நிலைக்கோடு போடுங்கள். அடுத்த வரியில் "கீகீகீகீ" என்று எழுதி இன்னொரு நிலைக்கோடு. இரண்டு கோடும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக நின்றால் உங்கள் டெர்மினலை எழுதியவர் யாரோ தமிழை யோசித்திருக்கிறார். நெடிலின் கோடு நாலு கட்டம் முன்னாலேயே வந்து நின்றால், அந்த டெர்மினலை எழுதியவருக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். படம் பிடித்து அனுப்பினால் போதாது, அந்த நாலு எழுத்தையும் எழுத்தாகவே சேர்த்து அனுப்புங்கள். அவர் அதை நகலெடுத்து ஒட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா!